ஊருணி வண்டல் பரிசோதனை: அளவீடு நன்று, கணக்கு சுமார்

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் ஊருணியைத் தூர்வாருவதற்கு முன், வண்டலை வயலுக்கு அள்ளிச்செல்ல விடலாமா என்று அறிய, ஒரு தனியார் ஆய்வகத்தில் கன உலோகப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். வரத்துக்கால் வந்து விழும் வாயில் தொடங்கி எதிர்க்கரைப் படித்துறை வரை எட்டு இடங்களில் அவர்களே வந்து மண் எடுத்தார்கள். பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளியதும், உலோகங்கள் பெரிதும் ஒட்டியிருக்கும் நுண்துகளைப் பிரிக்க 63 மைக்ரான் நைலான் சல்லடையில் சலித்ததும், ஒவ்வொரு மாதிரியையும் இருமுறை அளந்ததும் கைதேர்ந்தவர்களின் வேலை.

குறை புள்ளியியலில்தான். மண் எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று காட்ட 1969இல் முல்லர் வகுத்த புவித்திரள் குறியீட்டில், மண்ணில் உள்ள உலோக அளவை இயற்கைப் பின்னணி அளவின் ஒன்றரை மடங்கால் வகுத்து, 2ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை காண்பார்கள். பின்னணிக்கு உலகச் சராசரி ஷேல் பாறையின் (களிமண் இறுகி உண்டான படிவுப்பாறை) எண்களையே எடுத்துப் போட்டிருந்தார்கள். வரத்துக்கால் வாயில் ஈயம் கிலோவுக்கு 60 மில்லிகிராம், ஷேலில் 20. குறியீடு 1, எனவே 'மிதமான மாசு' என்னும் வகையின் வாசலில் நிற்கிறது. உள்ளூர்ப் பின்னணி 30 என்று வைத்தால் அதே மண் 0.4க்கு இறங்கிவிடும்.

அடுத்த பக்கத்தில் இதற்கு நேர்மாறான முடிவு. செறிவுக் காரணி என்பது, மண்ணில் இயல்பாகவே உள்ள ஒரு தனிமத்தோடு ஒப்பிட்ட ஈயத்தின் விகிதம், பின்னணியில் உள்ள விகிதத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது. அதைக் கணக்கிட இரும்பை ஒப்பீட்டுத் தனிமமாகக் கொண்டிருக்கிறார்கள். எங்கள் பூமியோ இரும்பு மிகுந்த செம்புறாங்கல். கிணறு வெட்டினால் வாளி வாளியாகச் சிவப்பே வரும். இரும்பு ஷேலில் உள்ளதைப்போல் இருமடங்கு இருந்ததால், 3 என்று வந்திருக்க வேண்டிய காரணி 1.5 ஆகச் சுருங்கி, 'இயற்கையானது' என்று தீர்ப்பாகிவிட்டது. ஒரே ஈயம், ஒரே தாளின் முன்பக்கத்தில் மாசு, பின்பக்கத்தில் சுத்தம்!

எட்டே மாதிரிகளை வைத்து ஏழு உலோகங்களுக்கு, பல அளவுகளை ஓரிரு போக்குகளாகச் சுருக்கிக் காட்டும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு செய்து வண்ணப்படமும் இணைத்திருந்தார்கள். அதில் தெரிந்த 'போக்கு' முழுவதும் வரத்துக்கால் வாயில் எடுத்த அந்த ஒற்றை மாதிரி இழுத்த இழுப்புதான்.

சுட்டிக்காட்டியதும் மறுக்காமல் ஒப்புக்கொண்டார்கள், அது பாராட்டத்தக்கது. ஊருணிக்கு வெளியே ஆழத்தில் எடுத்த மண்ணைப் பின்னணியாகவும், இரும்புக்குப் பதில் அலுமினியத்தையும் வைத்து மறுபடி கணித்ததில், வரத்துக்கால் வாயில் மட்டுமே ஈயம் உயர்ந்திருந்தது. அதன் மேற்புறத்தில் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை இருக்கிறது. அந்த வண்டலைத் தனியே ஒதுக்கிவிட்டு, மற்றதை வயலுக்கு விட்டோம்.

இவர்களிடம் கொடுக்கலாம். ஆனால் உள்ளூர்ப் பின்னணியும் அலுமினிய ஒப்பீடும் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். மறுகணக்குக்கும் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள்.