பால் ஊற: குழந்தையா, பூண்டா, மாத்திரையா?

'பால் பத்தலை' என்ற பேச்சு பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் கிளம்பும். குழந்தை மணிக்கணக்கில் மார்பை விடாது; மார்பும் தளர்ந்திருக்கும். முதல் சில வாரங்களில் இரண்டுமே இயல்பு. பால் எடுக்கும் பம்பில் வரும் அளவை வைத்தும் முடிவு கட்டக்கூடாது, குழந்தை உறிஞ்சுவதுபோல் பம்ப் உறிஞ்சாது. ஐந்தாம் நாளுக்குப் பின் 24 மணி நேரத்தில் 6 முறையாவது சிறுநீர் போகிறதா, 2 வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடை திரும்பியதா என்று பாருங்கள். இல்லையென்றால்தான் மேலே படிக்க வேண்டும்.

இறைக்கிற கிணறுதான் ஊறும். மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும். ஆகவே 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை கொடுக்க வேண்டும். பாலைச் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் இரவில் அதிகம் என்பதால் ராத்திரி வேளையை விடக்கூடாது. பத்து முறை கொடுத்தும் ஊறவில்லை என்றால், குழந்தை கவ்வும் விதத்தைப் பாருங்கள். காம்பை மட்டும் பிடித்தால் அம்மாவுக்கு வலிக்கும், பாலும் சரியாக இறங்காது. வாய் அகலத் திறந்து, தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தெரியும். பால் பவுடர் கொடுக்க நேர்ந்தால், அந்த வேளைக்குப் பாலைப் பீய்ச்சி எடுத்துவிடுங்கள். பம்ப் வைத்திருப்பவர்கள் நாளுக்கு ஒரு தடவை 20 நிமிடம் எடுத்து, 10 ஓய்வு, 10 எடுத்து, 10 ஓய்வு, மறுபடி 10 என்று ஒரு மணி நேரம் செய்யலாம். பலன் தெரியச் சில நாள் பிடிக்கும்.

பூண்டுப் பால், பால் சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் எல்லாம் இதற்கு அடுத்துதான். சுறாவும் கீரையும் நல்ல சாப்பாடு, சாப்பிடட்டும். ஆனால் பாலைக் கூட்டும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. பிறகு ஏன் எல்லா வீட்டிலும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள்? பூண்டை மாமியார் உரித்துத் தரலாம், ராத்திரி 2 மணிக்கு அம்மாதான் எழ வேண்டும். வெந்தயத்தை அதிகம் எடுத்தால் வயிற்றோட்டம் வரலாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதனால் சர்க்கரை தாழலாம். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது வேண்டாம். தாகத்துக்குக் குடித்தால் போதும், செம்பு செம்பாகக் குடிப்பதால் பால் கூடாது.

டாம்பெரிடோன் வாந்திக்கான மாத்திரை. புரோலாக்டினை அடக்கி வைக்கும் டோபமைனைத் தடுப்பதால் புரோலாக்டின் ஏறுகிறது. மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது 10 மி.கி., நாளுக்கு 3 வேளை. பாலை அடிக்கடி எடுக்காமல் இதை மட்டும் விழுங்கிப் பயனில்லை. இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது என்பதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-இலேயே எச்சரித்தது. காம்பில் பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் எழுதுவார்கள். அதையும் இதையும் சேர்த்துச் சாப்பிடக்கூடாது. கடையில் கேட்டு வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பால் ஊற எழுதும் இன்னொரு வாந்தி மாத்திரையான மெட்டோகுளோபிரமைடு மனச்சோர்வைத் தரலாம். பிரசவத்துக்குப் பின் ஏற்கெனவே மனம் துவண்டிருப்பவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

சரியாகக் கவ்வி, அடிக்கடி குடித்தும் எடை ஏறவில்லையென்றால் தைராய்டு, கருப்பையில் தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு, பிரசவத்தில் போன அதிக ரத்தம், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் தெரியும்வரை குழந்தைக்குப் பசியாற்றக் கூடுதல் பால் கொடுத்தே ஆக வேண்டும்.