வெளிச்சுவர் பெயிண்ட் வாங்கப் போகிறீர்களா? கலர் கலக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

டெல்டா பக்கம் வீட்டுக்கு வெளிப்பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள், அதிலும் பெயிண்டர் வைக்காமல் தாங்களே அடிக்க நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். இங்கே தை கழிந்தால்தான் சுவரில் ஏறிய ஈரம் இறங்கும். அதனால் மாசியில் நானும் மச்சானும் வேலையை ஆரம்பித்தோம். சவுக்குக் கம்பில் சாரம் கட்டினோம். பழைய பொருக்கை இரும்பு பிரஷ்ஷால் சுரண்டினோம். பாசி பிடித்த இடங்களில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றித் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டோம். விரிசலுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட்டு, அதன்மேல் பெயிண்ட் இரண்டு கோட்டு அடித்தோம். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் கடைக்காரர் பழி போட்டது இந்த வேலையின் மேல்தான்.

பெயிண்ட் வாங்கியது பக்கத்து டவுனில். எல்லாருக்கும் தெரிந்த கம்பெனியின் எக்ஸ்டீரியர் எமல்ஷன், ஷேட் கார்டு பார்த்து எடுத்த சந்தன நிறம். பணத்தை அங்கேயே ஜிபே செய்தேன். "மெஷின்ல ஆள் இல்லை தம்பி, சாயங்காலம் கலந்து வீட்டுக்கே அனுப்பிடறேன்" என்றார் கடைக்காரர். குட்டி யானையில் வாளிகள் வந்து இறங்கின. சீல் உடைந்திருந்தது. போன் போட்டுக் கேட்டதற்கு, "கலர் ஊத்தணும்னா திறக்காம எப்படிங்க?" என்றார்.

அது உண்மைதான். வெள்ளை பெயிண்ட் என்றால் கம்பெனி சீலோடு கைக்கு வரும். கலர் வேண்டுமென்றால் கடையில் மூடியைத் திறந்து மெஷினில் கலர் சேர்த்துத்தான் ஆகவேண்டும். சீல் உடைந்திருப்பது சந்தேகத்துக்குரிய விஷயமாகவே தெரியாது. ஏமாற்ற நினைக்கிறவனுக்கு இந்த ஒரு இடம் போதும். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு வந்தது. ஜிஎஸ்டி பில் நாளைக்கு, நாளன்றைக்கு என்று கடைசிவரை வரவே இல்லை.

அடித்து முடித்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. கோடை முழுக்க ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி அடைமழை பிடித்ததும் சன்சைடுக்குக் கீழே மஞ்சள் மஞ்சளாகக் கோடு இறங்கியது. மேற்குச் சுவரை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் துணியில் சந்தனக் குழம்பு மாதிரி நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் பிரைமரின் வெள்ளை தெரிந்தது.

கடைக்குப் போனேன். "சுவத்துல ஓதம் இருக்கும். உப்பு பூத்திருக்கும். ஆள் வைக்காம நீங்களே அடிச்சா இப்படித்தான்" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. எங்கள் பகுதிச் சுவர்களில் ஓதமும் உப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உப்பு பூத்தால் சுவரில் வெள்ளைத் தூள் கிளம்பும், பெயிண்ட் கொப்பளித்து உரியும். நிறம் மட்டும் தண்ணீரில் கரைந்து ஓடாது.

கையில் சாட்சியும் இருந்தது. குளியலறை வெளிச்சுவருக்கு மட்டும் மன்னார்குடியில் சீலோடு வாங்கிய அதே கம்பெனியின் வெள்ளை எக்ஸ்டீரியர் அடித்திருந்தோம். அதே பிரைமர், அதே ரோலர், அதே மழை. அங்கே ஒரு சொட்டு கரையவில்லை.

அப்புறம் கிடைத்ததுதான் பெரிய விஷயம். காலி வாளிகளை மாட்டுக்குக் கழுநீர் வைக்க எடுத்தபோது, ஒரு மூடியின் உள்விளிம்புப் பள்ளத்தில் காய்ந்த கிளிப்பச்சை பெயிண்ட் ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டில் கிளிப்பச்சை அடித்ததே கிடையாது. யாரோ காலி செய்த வாளியை வாங்கி, வேறு எதையோ ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சமிருந்ததை வேறொரு கடையில் காட்டினேன். உள்சுவருக்கு அடிக்கும் மலிவு டிஸ்டெம்பர் மாதிரி இருக்கிறது என்றார் அந்த அண்ணன். அதில் பிசின் குறைவு, சுண்ணாம்புத்தூள் அதிகம். வெளிமழைக்கு நிற்காது.

கம்பெனிக்குப் போன் செய்தால் பில்லும், மெஷின் ஸ்டிக்கரும் கேட்டார்கள். கலர் கலந்ததும் மெஷினிலிருந்து ஒரு ஸ்டிக்கர் வரும். பெயிண்டின் பெயர், பேஸ் (கலர் சேர்ப்பதற்கு முன் இருக்கும் மூலப் பெயிண்ட்), ஷேட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் வாளிகளில் அது இல்லை.

ஆகவே, "கலந்து அனுப்புகிறேன்" என்றால் "இருந்தே வாங்கிட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள். சீலோடு இருக்கும் பேஸ் வாளியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். தயாரித்த மாதமும் வருடமும் பாருங்கள். ஸ்டிக்கரை வாளியில் ஒட்டவைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பில் இல்லாவிட்டால் 18 சதவீத வரி மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள், மயங்கவேண்டாம். நாம் மாசியில் அடிப்பதற்குச் சோதனை ஐப்பசியில்தான் வருகிறது. அதுவரை பில்லும், ஒரு மூடியும், கொஞ்சம் பெயிண்டும் வீட்டில் இருக்கட்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் மனு செய்யவேண்டும். ஜிபே பதிவு, எஸ்டிமேட் சீட்டு, கிளிப்பச்சை ஒட்டிய மூடி மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எங்களைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்று. கரையும் பெயிண்டின் மேல் அப்படியே நல்ல பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். அடியில் இருப்பது மாவாக உதிரும்போது மேலே அடித்ததும் சேர்ந்தே உரிந்துவிடும். முழுக்கத் தேய்த்துக் கழுவி, தை கழிந்து சுவர் காய்ந்த பிறகு பிரைமரிலிருந்து ஆரம்பியுங்கள். நாங்களும் அப்படித்தான் செய்யப் போகிறோம்.