வெளிமாணவருக்கு இடம்: ஹாங்காங் வழியா, சிங்கப்பூர் வழியா?

ஹாங்காங்கில் அரசு நிதி பெறும் 8 பல்கலைக்கழகங்களுக்கும் வெளிமாணவர் (சீனப் பெருநிலம் உட்பட ஹாங்காங்குக்கு வெளியிலிருந்து வருபவர்) உச்சவரம்பு 2024-25ல் 20 சதவீதத்திலிருந்து 40 ஆனது. 2026-27 முதல் 50. 'பாதி வகுப்பு வெளியாளா?' என்று பதற வேண்டாம். உள்ளூர் இடம் 100 என்றால் அதற்கு மேல் 50 பேர், அதாவது 150-ல் 50. மூன்றில் ஒரு பங்குதான். இளநிலைப் படிப்பில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென ஆண்டுக்கு சுமார் 15,000 முதலாண்டு இடங்கள் தனியே இருக்கின்றன. வெளிமாணவர் யாரும் அதில் கைவைப்பதில்லை.

பணமும் அப்படியே. உள்ளூர் மாணவருக்கான ஆண்டுக் கட்டணம் 1997 முதல் 42,100 ஹாங்காங் டாலரிலேயே நின்று, 2025-26ல்தான் 44,500 ஆனது. வெளிமாணவர் கட்டுவது அதைப்போலப் பல மடங்கு. படிப்பு முடிந்தால் வேலை தேட 24 மாதம் தங்கலாம், அல்லது கிளம்பலாம், யாரும் கட்டிவைக்கவில்லை.

சிங்கப்பூர் நேரெதிர். அங்கே வெளிநாட்டு மாணவருக்கும் அரசு கட்டண மானியம் தருகிறது. அதை வாங்கிக்கொண்டால், பட்டம் பெற்றபின் 3 ஆண்டு சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தே ஆகவேண்டும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய வாசல். ஆனால் சேர்க்கையில் வெளிநாட்டு மாணவர்களையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் ஒரே எண்ணிக்கைக்குள் வைத்துத்தான் ஊரார் பார்க்கிறார்கள். 'எங்கள் வரிப்பணம், எங்கள் சீட்' என்ற முணுமுணுப்பு வலுத்தது. 2011ல் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் உள்ளூர் மாணவருக்கு 2,000 இடங்கள் கூட்டுவதாக அறிவித்தார். அப்போது 18 சதவீதமாக இருந்த வெளிநாட்டவர் பங்கை 2015க்குள் 15க்கு இறக்குவது திட்டம்.

  

ஹாங்காங், சிங்கப்பூர் இரண்டில் எது மேல்? சீட்டை மட்டும் பார்த்தால் ஹாங்காங் ஏற்பாடுதான் சண்டையைக் குறைக்கும். ஆனால் கட்டணம் கட்ட முடிந்தவர்களே வருவார்கள். வருபவர்களில் பெரும்பாலோர் சீனப் பெருநிலத்தார். 'உலகமே வருகிறது' என்ற பேச்சு அங்கேதான் கொஞ்சம் இடிக்கிறது. பல நாட்டுப் பிள்ளைகளும் வரவேண்டுமானால் மானியமும் பணி ஒப்பந்தமும் சேர்ந்த சிங்கப்பூர் வழிக்கே என் ஓட்டு, உள்ளூர் இடங்களை முதலில் கூட்டிவிட்டால்.

ஹாங்காங்கின் நிஜமான நெருக்கடி வகுப்பறையைவிட விடுதியில்தான். வாடகை கழுத்தை நெரிக்கும் ஊர் அது. வணிகக் கட்டடங்களையும் ஹோட்டல்களையும் மாணவர் விடுதியாக மாற்றும் திட்டம் 2025 ஜூலையில்தான் தொடங்கியது. 50 சதவீத அறிவிப்பு அதே ஆண்டு செப்டம்பரில் வந்துவிட்டது.