பூஞ்சையைத் தடுப்பதில் எந்தப் பழம் கெட்டி?

எங்கள் கொல்லையில் நிற்பது நீலம் மாமரம். போன ஆனியில் காய் இறக்கியபோது பாதியைத் தொரட்டியால் இழுத்துப் பறித்தோம். காம்பு அடியோடு பிய்ந்து வந்தது, வாய்ப்பக்கம் பால் பீய்ச்சி அடித்தது. மீதியை ஏணி வைத்து ஏறி, விரல் நீளக் காம்போடு கத்தரித்து எடுத்தோம். இரண்டையும் தனித்தனியாக வைக்கோலில் பரப்பி வைத்தோம். எட்டாம் நாள் பார்த்தால், தொரட்டியில் பறித்த குவியலில் நிறையப் பழங்களுக்குக் காம்பு வாயைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசளவு கறுத்திருந்தது. அமுக்கினால் விரல் உள்ளே போனது. காம்போடு வைத்த குவியலில் அப்படி ஆனவை மூன்றே பழங்கள்.

ஒரு வீட்டுக் கொல்லையில் நடந்ததை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பாலில் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததில், மா மட்டும் இல்லை, ஒவ்வொரு பழமும் பூஞ்சையோடு தனக்கென்று ஒரு வழியில் மல்லுக்கட்டுகிறது என்று தெரிந்தது. எந்த வழி எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பதைத்தான் இங்கே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் எதிரியைப் பற்றி. மாம்பழத்தில் கரும்புள்ளி போடும் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை, கூடையில் வைத்த பிறகு வந்து ஒட்டுவது இல்லை. தோப்பிலேயே, மழை ஈரத்தில், பிஞ்சின் மேல் அதன் வித்து விழுந்து முளைத்துவிடும். தோலில் பசை போட்டு ஒட்டிக்கொண்டு, மேல்தோலைத் துளைத்து நுழைந்து, அங்கேயே நின்றுவிடும். வாரக்கணக்கில் அசையாது. காய் பழுத்ததும்தான் கிளம்பும். மாங்காயாக இருந்தவரை கறுக்காத தோல் பழமானதும் திடீரென்று புள்ளி புள்ளியாகக் கறுப்பது இதனால்தான். காயில் அதைக் கட்டிப்போட்டு வைத்தது எது என்பதுதான் கேள்வி.

தாவரங்களின் காவலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எதிரி வருவதற்கு முன்பே சேர்த்து வைத்திருக்கும் கையிருப்பு. இன்னொன்று, எதிரி நுழைந்த பிறகு அவசரமாகச் செய்துகொள்வது. இந்த இரண்டாவது வகைக்கு ஃபைட்டோஅலெக்ஸின் என்று 1940-ல் முல்லர், போர்கர் என்ற ஜெர்மன் ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். அவர்கள் பார்த்தது உருளைக்கிழங்கில். மாவும் பட்டர் ஃப்ரூட்டும் (அவகாடோ) பெரும்பாலும் முதல் வகை, திராட்சை இரண்டாவது வகை. எலுமிச்சை இரண்டையும் செய்கிறது.

மாங்காயின் கையிருப்பு ரெசார்சினால் குடும்பத்துப் பொருள்கள். ஒரு வளையம், அதில் தொங்கும் 15 அல்லது 17 கார்பன் நீளமுள்ள கொழுப்பு வால். முந்திரிக்கொட்டை ஓட்டில் இருந்து கசிந்து கையைப் புண்ணாக்கும் எண்ணெயும் இதற்கு நெருங்கிய சொந்தம்தான், முந்திரியும் மாவும் ஒரே குடும்பத்து மரங்கள் அல்லவா! இஸ்ரேலின் வோல்கானி ஆய்வு மையத்தில் டோவ் புருஸ்கியின் குழு 1980-களில் இதைக் கவனித்தது. பச்சை மாங்காய்த் தோலில் இந்தப் பொருள் பூஞ்சையை நிறுத்தும் அளவுக்கு இருக்கிறது. பழுக்கப் பழுக்கக் குறைகிறது. குறைந்த பிறகே தூங்கிய பூஞ்சை எழுகிறது. அதே தோலைச் சீவிவிட்டால் உள்ளே சதையில் அது சொற்பம்தான்.

பாலில் இதைத் தாண்டியும் ஒன்று உண்டு. மாங்காய்ப் பாலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சிறிது நேரம் வைத்தால், மேலே எண்ணெயாகவும் கீழே நீர்த்த பாலாகவும் பிரிந்து நிற்கும். அந்த நீர்த்த பகுதியில் கைட்டினேஸ் என்ற நொதி இருப்பதை இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அதிகாரம் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். பூஞ்சையின் சுவர் கைட்டினால் ஆனது, அந்தச் சுவரையே இது அரிக்கிறது. ஆக, மாங்காயிடம் இரண்டு வேறு வேறு ஆயுதங்கள் இருக்கின்றன. ஒன்றைச் சமாளிக்கும் பூஞ்சை இன்னொன்றில் மாட்டும்.

ஆனால் அதே பாலின் எண்ணெய்ப் பகுதி தோலில் வழிந்தால் தோலையே சுட்டுவிடும். வழிந்த தடம் அப்படியே பழுப்பாகக் கருகி நிற்கும், சந்தையில் விலை போகாது. அதனால்தான் ஏற்றுமதிக்குப் போகும் இடங்களில் காயைக் கவிழ்த்து வைத்துப் பாலை வடிய விடுகிறார்கள். தோலின் அழகு மிஞ்சுகிறது, உள்ளே இருந்த காவல் போகிறது. வியாபாரியின் கணக்கு அவருக்குச் சரி. வீட்டில் தின்பதற்கு வைத்திருக்கும் நாம் அந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டியது இல்லை.

அடுத்து பட்டர் ஃப்ரூட். நம் பக்கம் கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடி வட்டாரத்தில் காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்கும் மரம். மாங்காயைத் தாக்கும் அதே ஆந்த்ராக்னோஸ் பூஞ்சைதான் இதையும் தாக்குகிறது, அதேபோல் தூங்கி எழுகிறது. இதன் தோலில் இருப்பது டையீன் என்று அழைக்கப்படும் நீண்ட கொழுப்புச் சங்கிலி. 1982-ல் புருஸ்கியும் கலிஃபோர்னியாவின் நோயல் கீனும் எழுதிய கட்டுரையில், பழுக்கும்போது இதன் அளவு மளமளவென்று சரிவதையும், அதன்பின் பூஞ்சை விழிப்பதையும் காட்டினார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சரிவுக்கான காரணம். டையீனைச் சிதைப்பது பழத்திலேயே இருக்கும் லிபாக்ஸிஜினேஸ் என்ற நொதி. அந்த நொதியைக் காயில் எபிகேட்டெச்சின் என்ற பொருள் அடக்கி வைத்திருக்கிறது, தேயிலையில் இருக்கிறதே, அதே பொருள்தான். பழுக்கும்போது முதலில் எபிகேட்டெச்சின் குறைகிறது. அடக்க ஆள் இல்லாததால் நொதி எழுந்து டையீனைத் தின்கிறது. டையீன் போனதும் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. காவலாளிக்கு ஒரு காவலாளி, அவர் போனால் இவரும் போவார்! காயை 30 சதவீதம் கரியமில வாயுவில் 24 மணி நேரம் வைத்தால் எபிகேட்டெச்சின் கூடி, அழுகல் தள்ளிப்போவதையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதை வீட்டில் செய்ய வழி இல்லை.

எலுமிச்சையின் கதை வேறு. இங்கே ஆய்வு நடந்தது நாம் சாதத்துக்குப் பிழியும் நாட்டு எலுமிச்சையில் இல்லை, தடித்த தோலுள்ள லெமனில். அதன் எதிரி பச்சைப் பூஞ்சை. தோலில் கீறல் விழாமல் அது நுழையாது. தோலின் எண்ணெய்ப் பைகளில் இருக்கும் சிட்ரால் அதைத் தடுக்கிறது. பச்சைத் தோலில் சிட்ரால் கூடுதல், மஞ்சளாகி நாள்பட்டால் குறைவு. அப்புறம், காயம் பட்ட இடத்தில் ஸ்கோப்பரோன் என்ற பொருளைப் புதிதாகவும் செய்கிறது. காய்களை 36 டிகிரி சூட்டில் ஈரப்பதத்தோடு மூன்று நாள் வைத்தால் இந்தத் தயாரிப்பு முடுக்கம் பெறும், காயமும் ஆறும். இடிப்பது எங்கே என்றால், அதே எண்ணெயில் பெருமளவு இருக்கும் லிமோனீன் பச்சைப் பூஞ்சையின் வித்து முளைக்கத் தூண்டுகிறது. தனக்கு இரையாகும் பழத்தின் மணத்தை அந்தப் பூஞ்சை அடையாளம் கற்றுவைத்திருக்கிறது. ஆகவே எலுமிச்சைத் தோல் எண்ணெய் பூஞ்சையை அடியோடு கொல்லும் என்று சொல்பவர்களை நான் நம்புவது இல்லை.

திராட்சையைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அதில் உண்டாகும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளை மாத்திரையாகவே விற்கிறார்கள். திராட்சைக்கொடி பூஞ்சை தாக்கும்போதும் புற ஊதா ஒளி படும்போதும் அதைச் செய்துகொள்கிறது என்று 1976-ல் பிரிட்டனில் லாங்கேக்கும் பிரைஸும் காட்டினார்கள். ஆனால் பூஞ்சையைக் கொல்வதில் ரெஸ்வெரட்ரால் அப்படி ஒன்றும் பலசாலி இல்லை. அதிலிருந்து உருவாகும் வினிஃபெரினும் டெரோஸ்டில்பீனும்தான் பலமானவை. டெரோஸ்டில்பீன் நம் வேங்கை மரத்தின் வைரத்திலும் இருக்கிறது. திராட்சையை அழுக வைக்கும் சாம்பல் பூஞ்சையோ லேக்கேஸ் என்ற நொதியை விட்டு ரெஸ்வெரட்ராலைச் சிதைக்கவும் கற்றிருக்கிறது. பழம் முற்ற முற்ற ரெஸ்வெரட்ராலைச் செய்யும் திறனும் திராட்சைக்குக் குறைகிறது. இதைச் செய்யும் மரபணுவைப் புகையிலைச் செடியில் வைத்தபோது அது சாம்பல் பூஞ்சையை மேலும் தாங்கியதாக 1993-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. சரியான நேரத்தில் கிடைத்தால் பயன் உண்டு, அது மறுக்க முடியாதது.

பச்சைத் தக்காளியில் இருக்கும் டொமேட்டின் என்ற காவல் பொருளும் இந்த வரிசையில் வரும். அதுவும் சிவக்கும்போது குறைவதுதான்.

இவற்றில் எனக்கு எது மேல் என்றால் மாங்காயைத்தான் சொல்வேன். பட்டர் ஃப்ரூட்டின் காவல் நுணுக்கமானது, ஆனால் நம் கைக்கு அப்பால் உள்ளது. திராட்சை தாக்குதல் தொடங்கிய பிறகு ஓடுகிறது, எதிரியிடம் மாற்று மருந்தும் இருக்கிறது. எலுமிச்சைக்குத் தோல் கீறாமல் இருந்தாலே பாதிப் பாதுகாப்பு. மாங்காயின் காவலை மட்டும்தான் பறிக்கிற கையால் கூட்டவோ குறைக்கவோ முடிகிறது. காம்பை விட்டால் பால் உள்ளேயே நிற்கும். ஆஸ்திரேலியாவில் நீளக் காம்போடு பழுக்க வைத்தபோதும் அழுகல் குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். வகைக்கு வகை வித்தியாசமும் பெரிது.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வகத் தட்டில் பூஞ்சையைத் தடுக்கிறது என்பதற்காக மாங்காய்ப் பாலையோ முந்திரி எண்ணெயையோ படர்தாமரை மேல் தடவாதீர்கள். வெந்து புண்ணாகும். சின்ன வயதில் பால் துடைக்காமல் மாங்காயைக் கடித்து உதடு வெடித்துப்போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

இந்த வருஷம் எல்லாக் காயையும் ஏணி வைத்துத்தான் இறக்கினோம். பெரும்பாலும் விரல் நீளக் காம்போடு, கணு தெரிகிற இடத்துக்கு மேலே வெட்டினோம். தவறி ஒடிந்தவற்றை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைத்து, வடிந்த பாலைக் கழுவி, முதலில் தின்றுவிட்டோம். மீதி இன்னும் வைக்கோலில் இருக்கிறது, காம்பு காய்ந்து சுருங்கினாலும் விழவில்லை.