ஏரேட்டர், ஃபிளஷ் டேங்க், பி.எல்.டி.சி. ஃபேன்: மூன்று கோடை தாண்டிய பிறகு

தண்ணீரையோ கரண்டையோ மிச்சம் பிடிக்கும் சாமான் எதுவானாலும் முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். டப்பாவில் போட்டிருக்கும் கணக்கு அந்த முதல் மாதத்துக்கானது. போர் தண்ணீரை மோட்டார் போட்டு மொட்டை மாடி டேங்குக்கு ஏற்றிப் புழங்கும் சென்னைப் புறநகர் வீடுகளில், இரண்டாம் வருடம் அது எப்படி உழைக்கும் என்பது தண்ணீரில் உள்ள உப்பையும் டேங்கின் உயரத்தையும் பொறுத்தது. கடைக்காரர் இந்த இரண்டையும் கேட்கமாட்டார். நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

குழாய் வாயில் மாட்டி, காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைத்து விடும் வலை மூடிதான் ஏரேட்டர். அதில் இருந்து தொடங்கலாம். வாங்கும் முன் குழாயை முழுக்கத் திறந்து ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடியுங்கள். 5 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 12 லிட்டர். அங்கே ஏரேட்டர் பலன் தரும். 12 விநாடி பிடித்தால் 5 லிட்டர்தான் வருகிறது, விட்டுவிடுங்கள். அழுத்தமும் முக்கியம். டேங்க் குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார் கிடைக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் உயரம் இரண்டு மூன்று மீட்டர்தான், அழுத்தம் 0.3 பாரைத் தாண்டாது. நிமிடத்துக்கு 3 லிட்டர் என்று அச்சிட்ட ஏரேட்டரை அங்கே மாட்டினால் தண்ணீர் நூல் மாதிரி ஒழுகும், ஒரே வாரத்தில் யாராவது கழற்றி எறிவார்கள். மேல் மாடிக்குப் பேசினுக்கு அடியில் உள்ள ஆங்கிள் வால்வைப் பாதி மூடி வைத்தாலே போதும். காசும் இல்லை, கழுவ வேண்டியதும் இல்லை.

குழாய் வாயின் உள்பக்கம் மரை இருந்தால் 24 மி.மீ. ஆண் மரை ஏரேட்டர், வெளிப்பக்கம் இருந்தால் 22 மி.மீ. பெண் மரை. மரையே இல்லாத பழைய குழாய்க்கு ரப்பர் வைத்து அழுத்தி மாட்டும் வகை விற்கிறார்கள். அழுத்தம் கூடும் நாளில் அது தெறித்து விழும். பக்கெட் பிடிக்கும் பாத்ரூம் குழாயில் எதையும் மாட்டாதீர்கள். 15 லிட்டர் பக்கெட்டுக்கு எப்படியும் 15 லிட்டர்தான். காத்திருக்கும் நேரம்தான் கூடும்.

போர் தண்ணீரில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உப்பு அடைக்கும். தண்ணீர் நேராக விழாமல் பக்கவாட்டில் பீய்ச்சினால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். துணி சுற்றிய பிளையரால் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் வலை, துளைத் தட்டு, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் எடுத்த வரிசையிலேயே தட்டில் வையுங்கள். ரப்பரைத் தவிர மற்றதை, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். மிச்சம் அன்றோடு சரி. டாய்லெட் ஆசிட் வேண்டவே வேண்டாம், பளபளப்பு உரிந்துவிடும்.

ஃபிளஷ் டேங்கில் சத்தமே இல்லாத கசிவுதான் பெரிய இழப்பு. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு டேங்கில் நாலைந்து சொட்டு நீலம் விட்டு, 20 நிமிடம் கழித்துக் கோப்பையைப் பாருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால், அடி வால்வின் ரப்பர் வாஷர் இறுகியிருக்கிறது அல்லது அது உட்காரும் இடத்தில் உப்புப் படிந்திருக்கிறது. முதலில் அந்த இடத்தை நைலான் ஸ்க்ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். பாதிக் கேஸ் அதிலேயே சரியாகும், இல்லாவிட்டால் வாஷர் மாற்றுங்கள். டேங்குக்குள் பாட்டில் போடும் யோசனை பழைய 10 லிட்டர் டேங்குக்குச் சரி. 3/6 லிட்டர் இரட்டை பட்டன் டேங்கில் போட்டால் இரண்டு முறை அமுக்குவார்கள். செங்கல் மட்டும் கூடாது. அது கரைந்து மணல் வால்வில் சிக்கும்.

மொட்டை மாடி டேங்க் வழிவது இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஒரு ஹெச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். 1000 லிட்டர் டேங்க் அரை மணியில் நிரம்பும் வீட்டில் 20 நிமிடம் மறந்தால் 650 லிட்டருக்கு மேல் மாடியில் ஓடும். பேசின் ஏரேட்டர் பத்து நாள் சேர்த்து வைப்பது அவ்வளவுதான் இருக்கும். ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் நல்லதுதான், ஆனால் கம்பி சென்ஸாரில் உப்பு மூடினால் டேங்க் நிரம்பியதே அதற்குத் தெரியாது. காந்த மிதவை வகை மேல், அதிலும் மிதவை பாசியில் ஒட்டிக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மோட்டார் ஓடும்போது மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள். உடனே நிற்க வேண்டும். டேங்க் நிரம்ப ஆகும் நேரத்தைச் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். 30 நிமிடம் 40 ஆனால் ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடி வால்வு), இம்பெல்லர் (மோட்டாரில் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), தண்ணீர் மட்டம் மூன்றில் ஒன்று கைகொடுக்கவில்லை. கூடுதல் பத்து நிமிடமும் மீட்டரில் ஏறுகிறது.

குடிநீர் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மெஷினில் ஒரு லிட்டர் குடிநீருக்குச் சுமார் மூன்று லிட்டர் கழிவாகப் போகும். உள்ளே வரும் தண்ணீரின் டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 500க்குக் கீழே என்றால் ஆர்.ஓ.வே தேவையில்லை. 1200 என்றால் கழிவில் 1600ஐ நெருங்கும். தரை துடைக்கவும் கக்கூஸுக்கும் ஆகும், தொட்டிச் செடிக்கு ஆகாது. கறிவேப்பிலை நுனி கருகுவது அதனால்தான்.

பி.எல்.டி.சி. ஃபேனுக்கு, அதாவது எலக்ட்ரானிக் போர்டு வைத்து ஓடும், கரண்ட் குறைவாக இழுக்கும் ஃபேனுக்கு, உப்பால் ஒன்றும் ஆகாது. அதற்கு எதிரி வோல்டேஜ். சாதா ஃபேன் முழு வேகத்தில் 75 வாட், இது 30. தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் குறையும். தமிழ்நாட்டுக் கட்டணத்தில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாத உபயோகம் 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கான சலுகை விலை போய்விடும். 501ஆவது யூனிட் தனியாகக் கிட்டத்தட்ட 250 ரூபாய் தின்னும். 530, 540 என்று நிற்கும் வீட்டுக்கு ஒரே ஃபேன் மாற்றினாலும் பில்லில் தெரியும்.

மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை லைனில் இருந்து எடுத்தே ஆக வேண்டும். மெயினை அணைத்து, ரெகுலேட்டரின் இரண்டு ஒயரையும் நேராக இணைத்து டேப் சுற்றச் சொல்லுங்கள். ஐந்தாம் நம்பரில் வைத்தால் ஓடத்தான் செய்யும், ஆனால் யாராவது அதைக் குறைத்தால் வெட்டுப்பட்டு வரும் மின்சாரம் உள்ளே இருக்கும் போர்டைச் சீக்கிரம் தீர்த்துவிடும். வாரன்டி முடிந்தபின் பெரும்பாலும் போவது அந்தப் போர்டுதான். காயிலும் பேரிங்கும் அப்படியே இருக்கும். வாங்கும்போதே உங்கள் ஊர் சர்வீஸில் போர்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இடி மின்னல் நேரத்தில் ரிமோட்டில் நிறுத்தினால் போதாது, சுவிட்சையும் அணையுங்கள்.

ஹாலும் படுக்கை அறையும் மாற்றியாயிற்று என்றால் அதோடு நிறுத்தலாம். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றும் அறையில் பழைய ஃபேன் காயில் எரியும் வரை சுற்றட்டும்.