செக்‌ஷன், காயில், பவுடர் கோட்டிங்: விடுமுறையில் முடித்த அலுமினிய வேலைகள்

இம்முறை ஊருக்குப் போனபோது என் பொறுப்பில் இரண்டு வேலைகள் இருந்தன. பெற்றோர் வீட்டு ஜன்னல்களை எல்லாம் அலுமினியத்துக்கு மாற்றுவது ஒன்று. தம்பியின் தொழிற்கூடத்துக்குக் கூரைத் தகடு போடுவதும், உள்ளே ஓடும் சூடான குழாய்களின் வெப்பக்காப்புக்கு மேலுறைத் தகடு சுற்றுவதும் மற்றொன்று. முதல் வேலைக்கு செக்‌ஷன் (அச்சில் அழுத்தி வடிவமைத்த நீளச் சட்டம்) வேண்டும், இரண்டாவதற்கு காயில் (சுருளாகச் சுற்றிய தகடு). உலோகம் ஒன்றுதான் என்றாலும் விற்பவர், பூச்சு போடுபவர், வெட்டுபவர், பொருத்துபவர் எல்லோரும் வேறு வேறு ஆட்கள். இந்த இரண்டு வழிகளிலும் எனக்குக் கிடைத்த சேவை எப்படி இருந்தது என்பதை, விடுமுறைக்குள் இதே வேலையை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டியவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

என் கணிப்பு இதுதான்: கைவேலை மிகச் சிறப்பு, பொருளைப் பற்றிய எழுத்துபூர்வமான தகவல் மிகக் குறைவு. ஊரிலேயே இருப்பவருக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது. ஏதாவது கோளாறு என்றால் நேரில் போய்ப் பேசிக்கொள்வார். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்து தொலைபேசியில் கேட்க வேண்டியவருக்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.

செக்‌ஷன் பார்க்கப் போன முதல் இடத்தில் என்னிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்வி: “கனமானது வேண்டுமா, சாதாரணம் போதுமா?” எந்தக் கலப்புலோகம், எந்தப் பதம் (உலோகத்தின் கடினநிலை), சுவர்த் தடிமன் எவ்வளவு என்று கேட்டால் “எல்லாம் நல்ல பொருள்தான்” என்ற பதில்தான் வந்தது. வேறோர் இடத்தில், நான் கேட்பதற்கு முன்பே தராசை இழுத்துப் போட்டு ஒரு நீளத்தை எடை வைத்துக் காட்டினார்கள். அங்கேயே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். 50 மி.மீ.க்கு 25 மி.மீ. அளவுள்ள பெட்டி வடிவ செக்‌ஷனின் சுவர் 1.2 மி.மீ. இருந்தால் ஒரு மீட்டர் ஏறத்தாழ 0.47 கிலோ இருக்கும். சுவர் 1 மி.மீ.தான் என்றால் 0.39 கிலோவுக்கு இறங்கிவிடும். ஆறில் ஒரு பங்கு உலோகம் போய்விட்டது. வெளியளவு மாறவே இல்லை. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத இந்த வித்தியாசத்தைத் தராசு உடனே சொல்லிவிடும். ஆனால் பூச்சு போடுவதற்கு முன்பே எடை பார்க்க வேண்டும். வெளிப்புறத்தில் 70 மைக்ரான் (0.07 மி.மீ.) பூச்சு ஏறிய பிறகு அளவுமானியை வைத்தால், இல்லாத உலோகமும் இருப்பதாகக் காட்டும்.

ஜன்னல், கதவு வேலைக்கு உலகம் முழுவதும் பெரும்பாலும் பயன்படுவது 6063 என்ற கலப்புலோகம். இதில் மக்னீசியமும் சிலிக்கானும் சிறிதளவு சேர்ந்திருக்கும். பில்லெட் எனப்படும் உருளையை 450 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அச்சின் வழியாக அழுத்தித் தள்ளி, குளிரவைத்து, இழுத்து நேராக்கிய பிறகு, 175 முதல் 200 டிகிரி உள்ள அடுப்பில் பல மணி நேரம் வைத்திருப்பார்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பலம் ஏறுகிறது. டி5, டி6 என்று குறிப்பிடும் பதங்கள் இதைச் சேர்ந்தவை. அடுப்பில் போதிய நேரம் வைக்காத நீளம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். திருகாணி முறுக்கும்போது மரை வழுக்கிவிடும். வெப்ஸ்டர் என்ற இடுக்கி போன்ற கருவியால் செக்‌ஷனைக் கவ்வினால் கடினத்தன்மைக்கு ஓர் எண் காட்டும். நான் வாங்கிய இடத்தில் அந்தக் கருவி இருந்தது. கேட்டதும் எடுத்து வந்து, ஒவ்வொரு கட்டிலும் ஒரு நீளத்தை உருவிச் சோதித்துக் காட்டினார்கள். அந்த முகமலர்ச்சியை நான் மறக்க மாட்டேன்.

பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங்கில் என் கவலை அதிகமாக இருந்தது, ஏனென்றால் வீடு கடற்காற்று எட்டும் தூரத்தில் இருக்கிறது. நிறத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பூச்சின் அடியில் நடக்கும் வேலையைப் பற்றிப் பேசுபவர் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, மேற்பரப்பை அரித்து, கழுவி, பிடிப்புக்கான ரசாயனப் படலம் ஏற்றி, கனிமம் நீக்கிய நீரில் மறுபடி கழுவிக் காயவைத்த பிறகுதான் பவுடர் ஏற வேண்டும். இதில் எதைச் சுருக்கினாலும் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு வெட்டுமுனையிலிருந்து நூல் நூலாக அரிப்பு உள்ளே ஊர்ந்து பூச்சைத் தூக்கும். அலுமினியப் பூச்சுகளுக்கான சர்வதேசத் தரமுத்திரையான குவாலிகோட்டின் விதிமுறையில் கடலோரத்துக்கென்று தனி வகுப்பே இருக்கிறது. அதில் சதுர மீட்டருக்குக் குறைந்தது 2 கிராம் உலோகமாவது அரித்து நீக்கப்பட வேண்டும்; சாதாரண வகுப்புக்கு 1 கிராம் போதும்.

நான் விசாரித்த ஒரு பூச்சுக்கூடத்தில் தொட்டிகளைப் பார்க்கவே அனுமதிக்கவில்லை. மற்றொன்றில் மேற்பார்வையாளர் கையோடு அழைத்துப் போய் ஒவ்வொரு தொட்டியாகக் காட்டினார். சோதனைத் துண்டில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டுநாடாவை ஒட்டிப் பிய்த்தார். ஒரு துகள்கூட வரவில்லை. பூச்சுத் தடிமனையும் அளந்து எழுதித் தந்தார். 60 மைக்ரானுக்குக் கீழே எந்த இடமும் இல்லை. பூச்சுக்கு முன் மேற்பரப்பை அரித்த அளவு எழுதிய தாளைக் கேட்டபோது, “இதுவரை யாரும் கேட்டதில்லை ஐயா, கேட்டால் தருவதற்கு எங்களுக்கு ஒன்றும் தயக்கம் இல்லை” என்றார். இது என் மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் நாம் கேட்க ஆரம்பித்தால் அடுத்து வருபவருக்கும் அந்தத் தாள் கிடைக்கும்.

இனி பட்டறை. முழுப் பயணத்திலும் எனக்கு மிகுந்த நிறைவைக் கொடுத்தது இந்தச் சேவைதான். வயதில் மூத்த மேஸ்திரி ஒருவர் பொறுப்பில் வேலை நடந்தது. நான் வெளிநாட்டிலிருந்து வரைந்து எடுத்துவந்த படங்களை அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கூடத்தின் பெரிய ஜன்னலில் நடுத்தூண் செக்‌ஷனை மாற்றச் சொன்னார். அவர் சொன்ன காரணம் மிகச் சரியானது. அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவு எஃகுச் சட்டம் தாங்கும் காற்றில் இது மூன்று மடங்கு வளையும். அதை ஈடுகட்ட சுவரைத் தடிமனாக்குவதைவிடச் செக்‌ஷனின் ஆழத்தைக் கூட்டுவதே பலன் தரும். கண்ணாடியைத் தாங்கும் தூணுக்கு நீளத்தில் 175இல் ஒரு பங்கு வளைவு வரை ஏற்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு, 2.1 மீட்டர் தூணுக்கு அது 12 மி.மீ. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அவருடைய கை அனுபவமும் எண்ணும் ஒத்துப்போயின.

ஜன்னல் கதவு சறுக்கி ஓடும் அடித்தட ட்ராக்கைப் பற்றியும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. “தம்பி, உள்பக்க விளிம்பு உயரமாக இல்லாவிட்டால் காற்றோடு அடிக்கிற மழையில் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்” என்றார். 300 பாஸ்கல் காற்றழுத்தம் ஏறக்குறைய 30 மி.மீ. உயர நீரைத் தள்ளி நிறுத்தும். விளிம்பு அதைவிடத் தாழ்வாக இருந்தால், நீர் வடியும் துளை எத்தனை போட்டாலும் புயல் மழைக்குப் போதாது. துளைகளையும் அவர் ட்ராக்கைப் பொருத்துவதற்கு முன்பே மேசையில் வைத்து வெட்டினார், பொருத்திய பிறகு துளைப்பானால் குத்தவில்லை. 45 டிகிரியில் வெட்டிய முனைகள் ஒவ்வொன்றிலும் பிசிறு எடுத்து, சீலன்ட் தடவி, மூலைக்கட்டை வைத்து அழுத்தி இணைத்தார்கள். ரசமட்டமும் தூக்குக்குண்டும் ஒரே ஜன்னலுக்கு எத்தனை முறை வந்தன என்று நான் எண்ணவில்லை. சுவரின் சிமென்ட் பூச்சுவேலை முடியும்வரை சட்டத்தை வீட்டுப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தார். ஈர சிமென்ட்டின் காரம் அலுமினியத்தில் பட்டால் விழும் கறை எதற்கும் போகாது.

நான் வசிக்கும் குளிர்நாட்டில் உள் சட்டத்துக்கும் வெளிச் சட்டத்துக்கும் நடுவே கண்ணாடியிழை கலந்த பாலிஅமைடு பட்டை இல்லாத அலுமினிய ஜன்னலை வீட்டுக்கு யாரும் போட மாட்டார்கள். உலோகம் கடத்தும் வெப்பத்தில் சிறு துளியைத்தான் அந்தப் பட்டை கடத்தும். ஊரிலும் இப்போது அது கிடைக்கிறது. வீடு முழுவதற்கும் போடச் சொல்லி ஒரு விற்பனையாளர் வற்புறுத்தினார். வெயில் நாட்டில் ஜன்னலுக்கு மேலே நிழலும் சரியான கண்ணாடியும்தான் முதல் தேவை என்பது என் கருத்து. குளிர்சாதனம் ஓடும் அறைகளுக்கு மட்டும் அந்தப் பட்டை உள்ள செக்‌ஷனை எடுத்தோம்.

காயில் கதை வேறு மாதிரி. இங்கே தாள்கள் எல்லாம் முறையாக வந்தன. பொருளைக் கையாண்ட விதத்தில்தான் குறை. குழாய் மேலுறைக்கு நாங்கள் கேட்டது 3003 கலப்புலோகம், எச்14 பதம் (பாதிக் கடினம்). மாங்கனீசு சேர்ந்த இந்த வகை சுத்த அலுமினியத்தைவிட உறுதியானது, ஆனாலும் விளிம்பை மடிக்கும்போது வெடிக்காது. எச்18 போன்ற முழுக் கடினப் பதத்தை வாங்கிவிட்டு மடிப்பில் கீறல் விழுந்தது என்று வருந்துபவர்கள் உண்டு. மேலுறைத் தகட்டின் உட்புறத்தில் ஈரத்தடைப் படலம் ஒட்டியிருக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்திருந்தோம். காப்புப் பஞ்சு நனைந்தால் அதிலிருந்து இறங்கும் உப்புநீர் தகட்டை உள்ளிருந்தே துளைக்கும். வெளியே ஓட்டை தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

காயிலுக்கும் எடைக்கணக்கு உண்டு. 0.7 மி.மீ. தடிமன், 1.2 மீட்டர் அகலம் என்றால் ஒரு மீட்டர் நீளம் 2.27 கிலோ. ஒரு டன்னில் ஏறத்தாழ 440 மீட்டர் வர வேண்டும். தகட்டைக் கூரைக்காக நெளிக்கும் எந்திரத்தில் ஓடும்போது நீளமும் பதிவாவதால், சராசரித் தடிமன் சரியா என்று உருட்டி முடித்த அன்றே தெரிந்துவிடும். எங்களுடையது சரியாக இருந்தது.

ஆனால் வந்த சுருள்களில் இரண்டின் மையத்துளை 406 மி.மீ. தம்பியின் எந்திரம் ஏற்பது 508 மி.மீ. ஆர்டரில் தெளிவாக எழுதப்பட்டிருந்தும் இப்படி நடந்தது. சுருளை வேண்டிய அகலத்துக்கு வெட்டும் பிளவு எந்திரம் வைத்திருக்கும் அந்தக் கூடத்தினர் சாக்குச் சொல்லாமல் எடுத்துப் போய், வேறு மையத்தில் மறுபடி சுற்றி, விளிம்புப் பிசிறையும் சரிபார்த்து அனுப்பினார்கள். இன்னொரு சுருள் மழையில் நனைந்த லாரியில், உறை கிழிந்து வந்தது. சுற்றுகளுக்கு இடையே தண்ணீர் தங்கினால் சாம்பல் வெள்ளையாகக் கறை படியும். பலம் குறையாவிட்டாலும் பார்வைக்கு வரும் இடத்தில் அந்தத் தகட்டைப் போட முடியாது. வெளிச்சுற்றுகளை வெட்டி நீக்கி, அந்த எடையைக் கணக்கில் கழிக்க வைத்தோம். வண்டியோட்டுபவரிடம் கையெழுத்துப் போடும் முன்பே உறையைப் புகைப்படம் எடுத்து வைத்திருந்த தம்பியின் கவனம் இங்கே கைகொடுத்தது.

கூரை பொருத்தியவர்கள் எஃகு வேலையில் பழகியவர்கள். அலுமினியம் டிகிரிக்கு மீட்டருக்கு 0.023 மி.மீ. நீளும், எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 9 மீட்டர் தகடு, விடியற்காலைக் குளிர்ச்சிக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவே 45 டிகிரி ஏறினால் 9 மி.மீ.க்கு மேல் நீள்கிறது. இதைச் சொன்னதும் துளைகளைத் திருகாணியைவிடப் பெரிதாகப் போட்டு, அகலமான ரப்பர் வாஷர் வைத்தார்கள். எஃகுக் கைமரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே நாடா ஒட்டினார்கள். இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரித்துப்போகும். ஏற்கெனவே கூரைமேல் போயிருந்த செம்புக் குழாயின் சொட்டுநீர் தகட்டில் விழாதபடி திருப்பிவிட்டார்கள். சொன்னதைக் கேட்டுக்கொண்டதோடு, ஏன் என்று திருப்பிக் கேட்டவர்களும் அவர்கள்தான்.

சட்டத்தின் மேல் ஒட்டி வரும் பாதுகாப்புப் படலத்தைப் பற்றி யாரும் நினைவூட்டுவதில்லை. வெயிலில் வாரக்கணக்கில் விட்டால் பசை காய்ந்து பூச்சோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே கண்ணாடி மாட்டிய உடனே உரித்துவிடச் சொல்லுங்கள். கழுவுவதற்குக் காரமும் அமிலமும் இல்லாத மென்சோப்பு போதும். கடற்காற்று படும் பக்கத்தை மற்ற பக்கங்களைவிட அடிக்கடி கழுவ வேண்டும்.

நான் திரும்பி வந்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. செக்‌ஷன்களுக்கான ஆலைச் சான்று, அதாவது உலோகப் பொருட்களின் சோதனைச் சான்றுகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 10204 முறையில் 3.1 வகை என்று எழுதிக் கேட்டது, இன்னும் கைக்கு வரவில்லை. காயிலுக்கு அது சரக்கோடு சேர்ந்தே வந்தது. தராசும் வெப்ஸ்டரும் காட்டிய எண்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆனாலும் ஆலைச் சான்றை விடுவதாக இல்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பூச்சுக்கூடம் கொடுத்த தாளும், பவுடரின் தொகுதி எண்ணும், ஒவ்வொரு செக்‌ஷனிலிருந்தும் வெட்டிய ஒரு சாண் துண்டும் தம்பியிடம் இருக்கின்றன.