லடாக் பைக் பயணத்துக்குப் பனிச்சறுக்கு ஜாக்கெட் போதுமா?

மணாலியிலிருந்து லே வரை பைக்கில் போகத் திட்டமிடும் பலருக்கு இந்த யோசனை வரும்: வீட்டில் பனிச்சறுக்கு ஜாக்கெட் இருக்கிறது, குளிரும் தாங்கும், அதையே போட்டுக்கொண்டு கிளம்பினால் என்ன? கிளம்பாதீர்கள். மாறாக, பைக் ஓட்டும்போது போடும் ரைடிங் ஜாக்கெட்டோடு காஷ்மீரின் குல்மார்க் பனிச்சரிவில் இறங்கினால் பெரிய ஆபத்தில்லை. வியர்த்து நனைந்து அந்த நாள் கெட்டுப்போகும், அவ்வளவுதான்.

எந்தத் தரையில் விழுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். தார் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தால் உடம்பு தேய்ந்துகொண்டே போகும். பனிச்சறுக்கு ஜாக்கெட்டின் மெல்லிய நைலான் அந்த உரசலில் உருகிக் கிழியும், அடுத்து தோல்தான். பனியில் உரசல் குறைவு. அங்கே பயம் மரம், பாறை, எதிரே வரும் இன்னொரு ஆள், அப்புறம் முறுக்கிக்கொள்ளும் முழங்கால். அதனால் அந்த ஜாக்கெட்டைத் தைப்பவர்களின் கவனமெல்லாம் ஈரத்தின் மேல்தான்: வெளி ஈரம் உள்ளே வரக்கூடாது, வியர்வை ஆவியாக வெளியே போகவேண்டும். லேபிளில் 10,000, 20,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது துணி தாங்கும் நீரழுத்தம். அடிபடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ரைடிங் ஜாக்கெட் வாங்கும்போது ஒரு இடத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். 'சிஇ ஆர்மர்' (சிஇ என்பது ஐரோப்பியச் சான்று முத்திரை) என்று எழுதியிருந்தால் உள்ளே இருக்கும் தோள், முழங்கைக் காப்பு அட்டைகள் மட்டும் சோதனையில் தேறியவை என்று அர்த்தம். துணியும் தையலும் தேறியதா என்று பார்க்க ஈஎன் 17092 என்ற ஐரோப்பியத் தர எண்ணைத் தேடுங்கள். அதில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று தரம் இறங்கும். நெடும்பயணத்துக்கு ஏஏ போதும் என்பது என் கணக்கு. ஏஏஏ பெரும்பாலும் கனம், நம் ஊர் வெயிலில் கழற்றி வைத்துவிடுவோம். ஆர்மரில் லெவல் 2 கிடைத்தால் விடாதீர்கள். கைகால் ஆர்மர் சோதனையில் உடம்புக்குக் கடத்தப்படும் சராசரி விசை லெவல் 1-க்கு 35 கிலோநியூட்டன் வரை போகலாம், லெவல் 2-க்கு 20 வரைதான்.

ஹெல்மெட்டை மாற்றிப் போடும் பேச்சுக்கே இடமில்லை. பனிச்சறுக்கு ஹெல்மெட்டுக்கான ஈஎன் 1077 சோதனையில் மோதும் வேகம் நொடிக்கு சுமார் 5.4 மீட்டர். பைக் ஹெல்மெட்டுக்கான ஈசிஇ (ஐ.நா. வாகன விதி) சோதனையில் 7.5. பார்க்கச் சின்ன வித்தியாசம், ஆனால் மோதலின் ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததை ரோட்டில் போடுவது சட்டப்படியும் தவறு.

பனிச்சறுக்கு கையுறையின் தடிமனில் கிளட்ச், பிரேக் பிடி சரியாகத் தெரியாது. பூட்ஸை மாற்றிப் போட வழியே இல்லை.

இரண்டுக்கும் பொதுவானது முதுகுக் காப்பு. பைக் ஓட்டிகளுக்காக எழுதப்பட்ட ஈஎன் 1621-2 தரத்தின்படிதான் பனிச்சறுக்கு முதுகுக் காப்புகளும் விற்கப்படுகின்றன; ஒன்று வாங்கினால் இரண்டுக்கும் ஆகும். விழும்போது விரிந்து உடம்பைக் காக்கும், உடையோடு அணியும் ஏர்பேக் அப்படியில்லை. மோட்டோஜிபி பைக் பந்தயத்தில் 2018-இலும், பனிச்சறுக்கு உலகக் கோப்பையின் வேகப் போட்டிகளில் 2024-25 பருவத்திலும் அது கட்டாயமானது. ஆனால் விழுகிறோம் என்று சென்சார் கண்டுபிடிக்கும் கணக்கு இரண்டுக்கும் வேறு. மெரினோ உள்ளாடை, கழுத்துத் துணி இவற்றையும் தாராளமாகப் பகிரலாம். பருத்தி பனியன் மட்டும் இரண்டு இடத்திலும் வேண்டாம், நனைந்தால் சீக்கிரம் காயாது.

பணம் ஒன்றுக்குத்தான் என்றால் ரைடிங் ஜாக்கெட், ஹெல்மெட், கையுறை வாங்குங்கள். பனிச்சறுக்குச் சாமான் குல்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும். ஹெல்மெட்டை மட்டும் அவர்களாகத் தருவார்கள் என்று இருக்காமல் கேட்டு வாங்கிவிடுங்கள்.